சொல்வளத்துக்கு ஆன்கி: எல்லாம் சரி, அந்த ‘ஹார்டு’ பட்டன்?

ஆன்கி என்பது, நாம் எழுதிவைக்கும் கேள்வி-பதில் கார்டுகளை மறக்காதபடி இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் கேட்கும் செயலி. ஐபோன் ஆன்கிக்கு 25 டாலர் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள், கம்ப்யூட்டரிலோ ஆண்ட்ராய்டிலோ இலவசமாக மூன்று மாதம் ஓட்டிவிட்டு முடிவெடுங்கள். ஜி.ஆர்.இ. (வெளிநாட்டு மேற்படிப்புக்கான தேர்வு) அளவு ஆங்கிலச் சொற்களை ஆண்டுக்கணக்கில் மறக்காமல் வைத்திருக்க இதைவிட நல்ல கருவி கிடையாது.

ஆனால் அந்த ஹார்டு பட்டன்! விடையைப் பார்த்ததும் அகெய்ன் (மறந்துவிட்டது), ஹார்டு, குட் (நினைவு வந்தது), ஈஸி என்ற நான்கில் ஒன்றை அழுத்த வேண்டும்; அதை வைத்துத்தான் கார்டை அடுத்து எப்போது கேட்பது என்று ஆன்கி முடிவு செய்யும். சொல் மறந்துபோயிருக்கும், விடையைப் பார்த்ததும் ‘அட, தெரிந்ததுதானே’ என்று தோன்றும், அகெய்ன் அழுத்த மனம் வராமல் கை ஹார்டுக்குப் போகும். ஆன்கி கணக்கில் ஹார்டு என்றால் ‘கஷ்டப்பட்டாலும் நினைவு வந்துவிட்டது’ என்று பொருள். இடைவெளியைக் கணக்கிடும் பழைய முறையில் 10 நாள் இடைவெளி 12 நாளாகக் கூடும். மறந்த சொல் இன்னும் தள்ளிப் போகிறது! 2023-இல் வந்த எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற புதிய கணக்கீட்டு முறை எவ்வளவோ மேல், டெக் ஆப்ஷன்ஸில் (கார்டுத் தொகுப்பின் அமைப்புகளில்) அதை ஆன் செய்துவிடுங்கள். ஆனால் தப்பாக அழுத்திய ஹார்டுகள் அதன் கணிப்பையும் கெடுக்கும். அகெய்ன், குட் இரண்டு போதும். போனில் ஸ்வைப்புக்கு அந்த இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டில் வெறும் தமிழ்ப் பொருளை எழுதாதீர்கள். ‘மிட்டிகேட் = தணி’ என்று படித்தவர் தாகத்தையும் மிட்டிகேட் செய்வார். தமிழில் தாகம், கோபம் எல்லாவற்றுக்கும் ‘தணி’ பொருந்தும். ஆங்கிலத்தில் ரிஸ்க், டேமேஜ் போன்றவற்றுக்குத்தான் மிட்டிகேட், தாகத்துக்கு க்வென்ச். அதனால் முழு வாக்கியம் எழுதி, சொல்லின் இடத்தை வெற்றிடமாக விட்டு, முதல் எழுத்தை மட்டும் காட்டுங்கள். அது இல்லாவிட்டால் ‘ரெட்யூஸ்’ கூடப் பொருந்திவிடும்.

எட்டு முறை தவறிய கார்டுக்கு ‘லீச்’ என்று குறி விழும். பெரும்பாலும் இன்ஜீனியஸ், இன்ஜென்யுவஸ் மாதிரி ஒன்றுபோல் தோன்றிக் குழப்பும் இரட்டைகள்தான் காரணம். ஒன்றை சஸ்பெண்ட் செய்துவிட்டு (கேட்காமல் நிறுத்திவைத்து), மற்றது படிந்த பிறகு எடுங்கள்.

புதுச் சொல் ஒரு நாளைக்கு 8 போதும். ஆன்கி தானாக வைத்திருக்கும் 20-ஐ அப்படியே விட்டால், கொஞ்ச நாளில் தினசரி ரிவ்யூ 200-ஐ நெருங்கும்.

இத்தனை சொன்ன பிறகும், தேர்வுக்கு இரண்டு மாதமே இருக்கும் ஒருவருக்கு இன்று இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. எந்த பட்டன் எதற்கு என்று பழகுவதற்குள் பாதி நாள் போய்விடும்.