பேரேடா, எக்செலா, சாஃப்ட்வேரா: குமரியில் ஆள் கணக்கை எதில் வைப்பது?

பத்து பேர் சேர்ந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), இருபது பேர் ஆனால் பி.எஃப். (வருங்கால வைப்புநிதி). இந்த இரண்டு எண்களைத் தாண்டாதவரை பல முதலாளிகள் ஆள் கணக்கைத் தலைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். சட்டம் அதற்கு முன்பே பதிவேடு கேட்கும், அது வேறு விஷயம். தாண்டியதும்தான் பேச்சு தொடங்கும்: பழைய நோட்டே போதுமா, எக்செல்லில் ஏற்றலாமா, மாதாமாதம் சந்தா கட்டி சாஃப்ட்வேர் வாங்கலாமா? மார்த்தாண்டத்து ஜவுளிக்கடைக்கும், குலசேகரத்து ரப்பர் எஸ்டேட்டுக்கும், கருங்கல் பக்கத்து முந்திரி ஆலையான அண்டி ஆபீஸுக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனாலும் என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஐம்பது பேருக்குக் கீழ் என்றால் எக்செல்லும், கூடவே ஆளுக்கொரு காகித ஃபைலும் போதும்.

நோட்டின் பலம் கையெழுத்து. சம்பளம் வாங்கினாரா, முன்பணம் எடுத்தாரா என்று தகராறு வந்தால் ரெவின்யூ ஸ்டாம்புக்கு மேலே போட்ட கையெழுத்துக்கு இருக்கிற மதிப்பு கம்ப்யூட்டர் பிரிண்டுக்கு எளிதில் வராது. பலவீனம் இரண்டு. முதலாவது, நம் ஊர் ஈரம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கொட்டுகிற மாவட்டம் இது. 2017-ல் ஒக்கி புயல் அடித்தபோது கூரை ஓடும் ஷீட்டும் பறந்த கட்டடங்களில் அலமாரிக் காகிதம் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மழை விட்டதைச் சிதல் (கரையான்) எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது பலவீனம் அவ்வளவாகக் கண்ணில் படாதது. மஸ்டர் நோட்டு, அதாவது வருகைப் பதிவேடு, வருடத்துக்கு ஒன்று மாறும், ஆனால் ஒருவர் சேர்ந்த தேதி அவர் சேர்ந்த வருடத்து நோட்டில் மட்டும்தான் இருக்கும். கிராஜுவிட்டி (பணிக்கொடை) கணக்குப் போட வேண்டிய நாளில் தேடுவது அந்த ஒரு நோட்டைத்தான். மற்ற எல்லா நோட்டும் அலமாரியில் இருக்கும், அது மட்டும் இருக்காது.

கம்ப்யூட்டரில் ஏற்கெனவே எக்செல் இருந்தால் தனிச் செலவு இல்லை, எந்தக் கடைக் கணக்கப்பிள்ளைக்கும் தெரியும், பி.எஃப். தளத்தில் ஏற்றும் மாதாந்திரக் கணக்கையும் அதே ஷீட்டிலிருந்து எடுக்கலாம். ஆனால் அது சத்தம் போடாமல் தப்பு செய்யும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை அப்படியே அடித்தால் கடைசி இலக்கம் சைபராகிவிடும், ஏனென்றால் 15 இலக்கத்துக்கு மேல் எக்செல்லுக்குக் கணக்கு நிற்காது. முன்னால் இருக்கிற சைபரையும் விழுங்கிவிடும். எண்ணை அடிக்கும் முன்பே அந்தக் காலத்தை (நெடுவரிசையை) டெக்ஸ்ட் என்று மாற்றிவிட வேண்டும், பிறகு மாற்றிப் பயனில்லை. இன்னொன்று, ‘சம்பளம் ஃபைனல்’, ‘சம்பளம் ஃபைனல் புதுசு’ என்று ஃபைல்கள் குட்டி போடுவது. இதற்கு மருந்து ஒருவர் மட்டுமே திருத்துவதுதான்.

எக்செல்லில் நான் மிகவும் மதிப்பது, வேண்டிய காலத்தை நாமே சேர்த்துக்கொள்ளலாம் என்பதை. நம் பக்கத்துப் பெயர்களுக்கு அது அவசியம். ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின்பு மாப்பிள்ளையின் இனிஷியல். ஒரே செக்‌ஷனில் மூன்று மேரி இருந்தால் சூப்பர்வைசருக்குத் தெரிவது வீட்டுப்பேர் மட்டும்தான். ஆகவே ‘ஆதாரில் உள்ளபடி’ என்று ஒரு காலம், ‘கூப்பிடும் பெயர்’ என்று இன்னொரு காலம். பி.எஃப். பணம் கேட்டு மனுப் போடும்போது பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகாவிட்டால் மனு திரும்பிவிடும். பத்து வருடச் சேவை இருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. ஆதாரில் வெறும் வருடத்தைச் சொல்லி ஜனவரி 1 என்று விழுந்த தேதியை அந்த வயதில் திருத்த அலைவது பெரும்பாடு.

இனி சாஃப்ட்வேர். நாகர்கோவிலில் ஒன்று, தக்கலையில் ஒன்று என்று கிளை வைத்திருக்கிற கடைக்கும், ஷிஃப்ட் ஓடுகிற ஆஸ்பத்திரிக்கும் இதுதான் சரி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. விடுப்புக் கணக்கு, போனில் சம்பளச் சீட்டு எல்லாம் தானாக நடக்கும். இ.எஸ்.ஐ. வரம்பான 21,000 ரூபாயை ஒருவர் நடுவில் தாண்டினாலும் அந்தப் பங்களிப்புக் காலம் (பிடித்தம் கணக்கிடும் அரையாண்டு) முடியும்வரை பிடித்தம் தொடர வேண்டும். எக்செல்லில் இதை மறந்துபோவார்கள், நல்ல சாஃப்ட்வேர் மறக்காது.

அண்டி ஆபீஸில்தான் அது திணறும். அங்கே கூலி கிலோக் கணக்கு. உடைப்பதற்கு ஒரு ரேட், தோலுரிப்பதற்கு ஒரு ரேட், தரம் பிரிப்பதற்கு வேறு ஏற்பாடு. காலையில் ஒரு வேலை, மதியத்துக்கு மேல் இன்னொரு வேலை என்று ஆள் மாறுவதும் உண்டு. மாதச் சம்பளத்தை மனதில் வைத்துச் செய்த சாஃப்ட்வேருக்கு வந்தாரா, வரவில்லையா என்பதுதான் முதல் கேள்வி. நமக்கு எத்தனை கிலோ என்பதுதான் முதல் கேள்வி. அப்புறம் விரல் வைக்கிற மெஷின். முந்திரித் தோட்டு எண்ணெய் பட்டுப்பட்டு உரிந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? சாம்பல் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் தோல் போகத்தான் செய்கிறது. காலை நேரத்தில் வாசலில் வரிசை நிற்க, மெஷின் ‘மறுபடி முயலவும்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். மெஷின் வாங்கித்தான் தீருவேன் என்றால் முகம் பார்க்கிற மெஷினை வாங்குங்கள். காசு கட்டும் முன்பு, சந்தாவை நிறுத்தினால் முழுத் தரவையும் எக்செல்லாக இறக்கித் தருவார்களா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘எல்லாம் கன்சல்டன்ட் பார்த்துக்கொள்வார்’ என்பது நான்காவது வழி. பார்த்துக்கொள்ளட்டும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. தளங்களின் பாஸ்வேர்டு உங்களிடமும் இருக்கட்டும்.

எதை எடுத்தாலும் காகித ஃபைல் போகாது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபின் நியமனக் கடிதம் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். அதன் கையெழுத்துப் பிரதி, நாமினி படிவம், ஆதார் நகல் மூன்றும் பூட்டுகிற அலமாரியில் இருக்கட்டும். ஆதார் படங்களை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து வைக்கிற பழக்கத்தை நிறுத்துவது நல்லது. தனிநபர் தரவுக்கென்று 2023-லேயே சட்டம் வந்தாயிற்று.

மாறுவதாக இருந்தால் ஏப்ரலில் மாறுங்கள். நடுவருடத்தில் மாறினால் அந்த வருடத்து போனஸ் கணக்கு பாதி நோட்டில், பாதி கம்ப்யூட்டரில் கிடக்கும். ஏற்றும்போது ஐம்பது வயது தாண்டியவர்களை முதலில் ஏற்றுங்கள், அவர்கள் பெயரிலும் தேதியிலும் பிழை இருந்தால் திருத்த இன்னும் சில வருடம் கையில் இருக்கிறது.