நீரிழிவில் மைக்ரோஆர்என்ஏ அளக்க: சீரமா, பிளாஸ்மாவா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நீரிழிவு கிளினிக்குக்கு வருகிறவர்களின் ரத்தத்தில் மைக்ரோஆர்என்ஏ (மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் சின்னஞ்சிறு ஆர்என்ஏ) அளக்கத் திட்டமிடுகிறவர்கள், எந்தக் குழாயில் ரத்தம் எடுப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். பிறகு மாற்ற வழியில்லை. எங்கள் தேர்வு ஊதா மூடி போட்ட, ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ குழாய், அதாவது பிளாஸ்மா (உறையாத ரத்தத்தின் திரவப் பகுதி).

சீரம், அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் திரவம், எடுப்பது சுலபம்தான். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் கிளினிக்குகளில் எந்த நர்சுக்கும் கைவந்த வேலை: அரை மணி முதல் ஒரு மணி நேரம் உறைய விட்டு, மையவிலக்கு இயந்திரத்தில் ஒருமுறை சுழற்றினால் போதும். கணையத்தின் பீட்டா செல்களில் மிகுதியாக உள்ள மிர்-375 என்ற மைக்ரோஆர்என்ஏ மட்டும் வேண்டும் என்றால் சீரத்தை ஒதுக்கப் பெரிய காரணம் இல்லை.

ரத்தக்குழாய்ப் பாதிப்பைத் தேடும்போதுதான் சிக்கல். மிர்-126, மிர்-223, மிர்-21 மூன்றும் தட்டணுக்களில் நிறைய உண்டு. ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் தூண்டப்பட்டு, தம்மிடம் உள்ளதைச் சீரத்தில் கொட்டிவிடும். டைப் 2 நீரிழிவில் மிர்-126 குறைகிறது என்று 2010-இல் வெளியான, இத்தாலியின் புருனெக் ஊர் மக்களிடம் நடந்த ஆய்வு காட்டியது பிளாஸ்மாவில். சீரத்தில் அந்தக் குறைவு கண்ணுக்குப் படாமலே போகலாம். எல்லாரிடமும் ஒரே அளவு கொட்டினால் கணக்கில் கழித்துவிடலாம், அப்படி நடப்பதில்லை. சர்க்கரை நோயாளியின் தட்டணு எளிதில் தூண்டப்படும். அவர்களில் பலர் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார்கள், அது தட்டணுவை அடக்கும். கடைசியில் தெரியும் வித்தியாசம் நோயால் வந்ததா, உறைதலால் வந்ததா, மாத்திரையால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. சீரத்தை விட்டதற்கு இந்த ஒன்றே போதுமான காரணம்.

அதற்காக இடிடிஏ குழாயில் எடுத்துவிட்டாலே தட்டணு போய்விடாது. ஒரே சுழற்சியோடு உறைபெட்டியில் உறைய வைத்தால், பிளாஸ்மா உருகும்போது மிஞ்சிய தட்டணுக்கள் உடைந்து சீரத்தின் அதே கோளாறைக் கொண்டுவரும். அதனால் உறைய வைப்பதற்கு முன்பே 2500 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல் 2500 மடங்கு) 15 நிமிடம், அறை வெப்பத்தில், இரண்டு முறை. முதல் சுற்றில் வெள்ளணுப் படலத்துக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் அளவை விட்டுவிட்டு எடுங்கள். இரண்டாவதில் அடியிலுள்ள 100 மைக்ரோலிட்டரைத் தொடவே வேண்டாம். எடுத்த ரத்தத்தை இரண்டு மணி நேரத்துக்குள் சுழற்றிவிடுவது நல்லது. டிசம்பர் வெயிலில் ஐஸ் பெட்டியில் போடத் தோன்றும். போடாதீர்கள், குளிரும் தட்டணுவைத் தூண்டும்.

சிவப்பணு உடைவது இரண்டுக்கும் பொதுவான ஆபத்து. மெல்லிய ஊசியால் இழுத்து எடுத்தாலே மிர்-451, மிர்-16 இரண்டும் எகிறிவிடும். அதனால் மிர்-16-ஐ ஒப்பீட்டு அளவாக வைப்பது ஆபத்து. 414 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.2-ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். ஆர்என்ஏவைப் பெருக்கி அளக்கும் பிசிஆர் சோதனையில், மிர்-23ஏ, மிர்-451 இரண்டும் தென்படத் தேவைப்படும் பெருக்கச் சுற்றுகளின் எண்ணிக்கை வித்தியாசம் 7-க்கு மேல் போனால் அந்த மாதிரியை ஒதுக்குங்கள்.

பச்சை மூடிக் குழாய் பக்கமே போக வேண்டாம். அதிலுள்ள உறைதடுப்பு மருந்தான ஹெபாரின் பிசிஆரை முடக்கும். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில் இருப்பவரிடம், இயந்திரத்தில் ஹெபாரின் ஏறுவதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும்.

சேமிப்பு மைனஸ் 80 டிகிரியில், 200 மைக்ரோலிட்டர் பங்குகளாக. மின்வெட்டு வரக்கூடிய ஊரில் உறைபெட்டியை ஜெனரேட்டரோடு இணைக்காமல் மாதிரி சேர்க்கத் தொடங்காதீர்கள். ஒருமுறை உருகிய பங்கை மறுபடி உறைய வைத்து அளக்கவும் வேண்டாம்.

சிறுநீர் மாதிரியைப் பற்றி இதே உறுதியோடு சொல்ல முடியாது. சிறுநீரகப் பாதிப்புக்கு நம்பிக்கை தருகிறது, ஆனால் அளவைச் சமன்செய்யும் முறை இன்னும் ஒன்றுபடவில்லை. ஏற்கெனவே சேமித்த சீரம்தான் கையில் இருக்கிறது என்றால் அதிலேயே செய்யலாம், நோயாளி, நோயற்றவர் இரு குழுவுக்கும் சீரமாகவே இருக்கும்வரை.