டிபி-லிங்க் டெக்கோ எக்ஸ்50: கேபிள் இழுத்த வீட்டுக்குப் பொருந்தும் மெஷ்

மாடி வீட்டின் எல்லா அறைகளுக்கும் இணையம் சீராகக் கிடைக்க வேண்டும் என்று மெஷ் வைஃபை (வீட்டின் பல இடங்களில் வைத்த கருவிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் அமைப்பு) வாங்கப் போகிறவர்கள், பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேக எண்ணைப் பார்ப்பதற்கு முன், கருவியின் பின்புறம் எத்தனை ஈதர்நெட் போர்ட்டுகள் (இணையக் கேபிளைச் செருகும் துளைகள்) இருக்கின்றன, அவை என்ன வேகத்தில் இயங்குகின்றன என்று பார்க்க வேண்டும். கேபிள் இழுக்க வழியுள்ள வீட்டில் செலவழிக்க வேண்டிய முதல் பணம் கேபிளுக்குத்தான், கருவி அடுத்ததுதான். மூன்று கருவிகள் கொண்ட டெக்கோ எக்ஸ்50 தொகுப்பை எங்கள் வீட்டில் பயன்படுத்தி வரும் அனுபவத்தில் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

எங்களுடையது தரைத்தளமும் மாடியும் கொண்ட செங்கல் வீடு. ஃபைபர் இணைப்பு கூடத்தின் வாசல் பக்கச் சுவரில் வந்து முடிகிறது. இடையில் கான்கிரீட் தளம் இருப்பதால், இணைய நிறுவனம் கொடுத்த ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை மாடியின் பின்னறைக்குப் போய்ச் சேரவில்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் போய்ச் சேர்ந்தாலும், அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை நெரிசலில் அது பயனற்றுப் போனது. மாடிக்கும் கீழ்த்தளப் பின்னறைக்கும் கேட்-6 கேபிள் இழுத்து, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு டெக்கோவை வைத்திருக்கிறோம்.

எக்ஸ்50 வைஃபை 6 வகைக் கருவி. 5 கிகாஹெர்ட்ஸில் 2402 எம்பிபிஎஸ், 2.4 கிகாஹெர்ட்ஸில் 574 எம்பிபிஎஸ் என்ற இரண்டையும் கூட்டித்தான் ஏஎக்ஸ்3000 என்று விற்கிறார்கள். இந்த 2402 என்பது 160 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள தடத்தில், அதே அகலத்தைக் கையாளத் தெரிந்த கைபேசியோ மடிக்கணினியோ எதிரில் இருந்தால் மட்டுமே எட்டக்கூடிய இணைப்பு வேகம். இரண்டு ஆன்டெனா கொண்ட கைபேசிகளில் பல 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 1201 எம்பிபிஎஸ் என்ற அளவிலேயே இணையும். அதிலும் நாம் உண்மையில் பெறுவது கணிசமாகக் குறைவாகவே இருக்கும். இதற்கெல்லாம் மேலாக, கருவியின் போர்ட் ஒரு கிகாபிட் வேகம் கொண்டது என்பதால், கேபிள் வழியே ஏறத்தாழ 940 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் எதுவும் உள்ளே வரப் போவதில்லை. வீட்டு இணையத் திட்டம் 300 அல்லது 500 எம்பிபிஎஸ் என்றால், பெட்டியின் மேலுள்ள எண்ணுக்கும் நம் தேவைக்கும் அதிகத் தொடர்பு இல்லை.

மெஷ் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இணைப்பை இத்துறையில் பேக்ஹால் என்பார்கள். வாங்குபவரின் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இதுதான். கேபிள் இல்லாமல் வைத்தால், எக்ஸ்50 போன்ற இரட்டை அலைவரிசைக் கருவி, கைபேசியுடன் பேசும் அதே ரேடியோவைக் கொண்டே, ஃபைபரோடு இணைந்த முதன்மைக் கருவியுடனும் பேச வேண்டும். ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு முறை பயணிப்பதால், வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. இதைத் தவிர்க்கவே பேக்ஹாலுக்கென்று தனி ரேடியோ வைத்த மூன்று அலைவரிசைக் கருவிகளைக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அவை நல்ல கருவிகள்தாம். ஆனால் கான்கிரீட் தளம் அந்தத் தனி ரேடியோவின் அலையையும் உறிஞ்சத்தான் செய்யும். கேபிள் இருக்கும் வீட்டில் அந்தக் கூடுதல் ரேடியோவுக்குக் கொடுக்கும் விலை வீண்.

வேகத்தைவிட நான் பெரிதாக மதிக்கும் நன்மை இன்னொன்று உண்டு. கேபிள் இல்லாத மெஷ்ஷில், துணைக் கருவியை முதன்மைக் கருவியின் அலை இன்னும் வலுவாக இருக்கும் நடுவழியில், அதாவது யாரும் உட்காராத மாடிப்படி முனையிலோ நடையிலோதான் வைக்க முடியும். கேபிள் இருந்தால், மக்கள் உட்கார்ந்து வேலை செய்யும் அறையிலேயே அதை வைக்கலாம். மூன்று கருவிகள் தேவைப்படும் என்று நினைத்த வீட்டுக்கு இரண்டே போதுமாவது பெரும்பாலும் இதனால்தான். மூன்று கருவிகள் 6,500 சதுர அடி வரை எட்டும் என்று நிறுவனம் சொல்வதைச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் உள்ள நம் வீடுகளுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போர்ட் விஷயத்தில் ஒரே நிறுவனத்தின் கருவிகளுக்குள்ளேயே பெரிய வேறுபாடு இருக்கிறது. விலை குறைந்த டெக்கோ இ4-இல் உள்ள இரண்டு போர்ட்டுகளும் 100 எம்பிபிஎஸ் வேகம் கொண்டவை. எவ்வளவு நல்ல கேபிள் இழுத்தாலும் மாடிக்கு அதற்கு மேல் ஒரு சொட்டும் ஏறாது. அதற்கு அடுத்த நிலையில் இருக்கும் எம்4-இல் இரண்டு கிகாபிட் போர்ட்டுகள் உண்டு. வைஃபை 6 வகையான எக்ஸ்20-இலும் இரண்டுதான். எக்ஸ்50-இல் ஒவ்வொரு கருவியிலும் மூன்று. இந்த மூன்றாவது போர்ட்டின் அருமை பயன்படுத்தும்போதுதான் புரிகிறது: ஒன்றில் கீழிருந்து வரும் கேபிள், ஒன்றில் மேசைக் கணினி, ஒன்றில் தொலைக்காட்சி என்று அறைக்குள் தனி ஸ்விட்ச் (ஒரு இணையக் கேபிளைப் பல கருவிகளுக்குப் பகிர்ந்து தரும் பெட்டி) வைக்காமலே வேலை முடிகிறது. கூகுள் 2019-இல் வெளியிட்ட நெஸ்ட் வைஃபையின் துணைக் கருவியில் ஈதர்நெட் போர்ட்டே கிடையாது. பழைய சரக்காக மலிவாகக் கிடைத்தாலும் கேபிள் உள்ள வீட்டுக்கு அது உதவாது.

கேபிளைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளையும் கேட்-6 என்ற பெயரிலேயே கடைகளில் விற்கிறார்கள். முனையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்துவிடும். எடையும் குறைவாக இருக்கும். சுவருக்குள் போன பிறகு மாற்ற முடியாத பொருள் என்பதால் முழுச் செம்புக் கேபிளையே கேட்டு வாங்க வேண்டும். மின்கம்பி ஓடும் பைப்பிலேயே இதையும் சேர்த்து நுழைக்க எலக்ட்ரீஷியனை அனுமதிக்கக் கூடாது. தனிப் பைப் வேண்டும். கிகாபிட் இணைப்புக்குக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு இணைக் கம்பிகளும் தேவை. இரண்டு இணைகள் மட்டும் சரியாகப் பொருந்தியிருந்தாலும் 100 எம்பிபிஎஸ்ஸில் இணைப்பு வேலை செய்துகொண்டே இருக்கும் என்பதால் குறை வெளியே தெரியாது. எங்கள் மாடிக் கேபிளில் இதுதான் நடந்தது. வேலை செய்தவரே முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்த (செருகியைப் பொருத்திய) பிறகு முழு வேகம் வந்தது. கூலி கொடுத்து அனுப்புவதற்கு முன் மடிக்கணினியைச் செருகி இணைப்பு வேகம் 1 ஜிபிபிஎஸ் என்று காட்டுகிறதா எனப் பார்த்துவிடுவது நல்லது.

பலர் குழம்பும் இடம் இணைக்கும் வரிசை. டெக்கோவை ரூட்டராக இயக்கினால், ஃபைபர் பெட்டியிலிருந்து முதன்மை டெக்கோவுக்கும், அதிலிருந்து மற்ற டெக்கோக்களுக்கும் கேபிள் போக வேண்டும். துணைக் கருவிகளை நேராக ஃபைபர் பெட்டியின் போர்ட்டுகளில் செருகக் கூடாது. வீட்டின் கேபிள்கள் எல்லாம் ஃபைபர் பெட்டியின் அருகே வந்து சேருகின்றன என்றால், முதன்மை டெக்கோவையும் அங்கேயே வைத்து, அதற்குப் பின்னால் ஒரு கிகாபிட் ஸ்விட்ச்சைப் பொருத்திக்கொள்ளலாம். டெக்கோக்கள் ஒன்றையொன்று அடையாளம் காண ஐஇஇஇ 1905.1 என்ற நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. அதைக் கடத்தாத சில ஸ்விட்ச்சுகளும் சந்தையில் உண்டு. கேபிள் செருகிய பிறகும் துணைக் கருவி வைஃபை வழியாகவே இணைந்திருப்பதாகச் செயலி காட்டினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்விட்ச்சைத்தான். இணைய நிறுவனத்தின் பெட்டியே ரூட்டராகவும் இயங்கி, அதை மாற்ற அவர்கள் ஒப்பாவிட்டால், டெக்கோவை அக்சஸ் பாயின்ட் நிலைக்கு, அதாவது ரூட்டர் வேலையை விட்டுவிட்டு வைஃபை மட்டும் தரும் நிலைக்கு, மாற்றிவிட்டு, பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ரூட்டருக்குள் ரூட்டர் என்ற சிக்கலில் சில விளையாட்டுகளும் சிசிடிவி இணைப்புகளும் தடுமாறும்.

அந்த நிலையில் ஒரு குறை உண்டு. குழந்தைகளுக்கான நேரக் கட்டுப்பாடு, எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்பது போன்ற வசதிகள் அக்சஸ் பாயின்ட் நிலையில் கிடைப்பதில்லை. ரூட்டர் நிலையிலும் அவற்றில் விரிவானவை மாதச் சந்தாவுக்குப் பின்னால் பூட்டப்பட்டிருக்கின்றன. பணம் கொடுத்து வாங்கிய கருவிக்கு மறுபடி சந்தா கேட்பது எனக்கு உடன்பாடானது அல்ல. நிறுவுவதற்குக் கைபேசிச் செயலியும் நிறுவனத்தின் கணக்கும் கட்டாயம். 2.5 கிகாபிட் போர்ட் இல்லாததால், ஒரு ஜிபிபிஎஸ்ஸைத் தாண்டிய திட்டமோ, வீட்டுக்குள் பெரிய கோப்புகளை நகர்த்தும் வேலையோ உள்ளவர்களுக்கு இது பொருந்தாது.

நடந்துகொண்டே பேசும் வீடியோ அழைப்பு படியேறும்போது பெரும்பாலும் அறுவதில்லை. எந்தக் கருவியைப் பிடித்துக்கொள்வது என்பதைக் கடைசியில் கைபேசியே தீர்மானிக்கிறது என்பதால், பழைய கைபேசிகள் சில கீழ்த்தளக் கருவியை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதையும் பார்க்கிறேன். இதற்கு மெஷ்ஷைக் குறை சொல்வது சரியல்ல.

வீடு இப்போதுதான் கட்டுகிறீர்கள், எல்லா அறைக்கும் கேபிள் போடப் போகிறீர்கள் என்றால், டெக்கோவைவிடக் கூரையில் பதிக்கும் அக்சஸ் பாயின்ட்டுகளையே பரிந்துரைப்பேன். அவை ஈதர்நெட் கேபிள் வழியே மின்சாரமும் பெறுவதால் அறைதோறும் அடாப்டர் தேவையில்லை. ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் ஒரே ஒரு யுபிஎஸ் வைத்தால், மின்தடையின்போதும் வீடு முழுவதும் வைஃபை நிற்காது. டெக்கோ எக்ஸ்50-க்கு ஒவ்வொரு அறையிலும் தனி மின்இணைப்பு தேவை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், துணைக் கருவி செருகப் போகும் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்பதையும் கேபிள் முனை எங்கே வர வேண்டும் என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்வதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.