ரேம்ஸ்கேட்டில் எந்தப் பப்பில் உட்காருவது?

கடற்கரை ஊர்களின் பப்களைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம் உண்டு. ஜன்னலுக்கு வெளியே கடல் எவ்வளவு நன்றாகத் தெரிகிறதோ, கிளாசுக்குள் பியர் அவ்வளவு மோசமாக இருக்கும். கடலைக் காட்டியே ஆளை உள்ளே இழுத்துவிடலாம் என்றால் பியருக்காக யார் மெனக்கெடப் போகிறார்கள்? நாளைக்கு வரப்போவது வேறு ஆள். இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், கென்ட் கடற்கரையில் இருக்கும் ரேம்ஸ்கேட்டுக்கு நாலைந்து முறை போய்வந்த பிறகு இந்தச் சந்தேகத்தைக் கொஞ்சம் திருத்திக்கொண்டிருக்கிறேன். முழுசாக விட்டுவிடவில்லை.

லண்டன் செயின்ட் பாங்க்ரஸில் அதிவேக ரயில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். காலையில் போய் இரவே திரும்பிவிடலாம். அதைவிட முக்கியமான காரணம், நாடு முழுக்கக் கிளைகள் வைத்திருக்கும் வெதர்ஸ்பூன் நிறுவனத்தின் பப்களிலேயே ஆகப் பெரியதும், இருபது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடுகிற குட்டிப் பப்களும் இந்த ஒரே ஊரில் நடந்துபோகிற தூரத்தில் இருக்கின்றன. யானையையும் எலியையும் ஒரே மதியத்தில் பார்த்துவிடலாம்.

யானையின் பெயர் ராயல் விக்டோரியா பெவிலியன். துறைமுகத்தை ஒட்டி, மணலுக்குப் பக்கத்திலேயே நிற்கிற பழைய மாளிகை. 1904-இல் பொழுதுபோக்கு அரங்கமாகத் திறந்தார்கள். பிற்பாடு சூதாட்ட விடுதியானது, அப்புறம் பல வருடம் பூட்டியே கிடந்தது. 2017-இல் வெதர்ஸ்பூன் அதைப் பப்பாக மாற்றியது. இந்த நிறுவனத்தைப் பற்றி இங்கிலாந்தில் ஆளாளுக்கு ஒரு கருத்து வைத்திருப்பார்கள். ஆனால் கைவிடப்பட்ட திரையரங்கு, வங்கி, தபால் நிலையம் என்று பழைய கட்டடங்களை எடுத்துச் சீர்படுத்துவதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு கிளைக்கும் தனியாக வடிவமைத்த கம்பளம் வேறு. பெவிலியன் உள்ளே நுழைந்ததும் என்னோடு வந்த நண்பன் கேட்டது: “மச்சி, இது பப்பா, கல்யாண மண்டபமா?”

அவன் குடிக்க மாட்டான். அது இந்த ஒப்பீட்டுக்கு ரொம்ப உதவியது, ஏனென்றால் குடிக்கிறவன் கண்ணுக்கு எல்லாப் பப்பும் நாலாவது கிளாசில் நல்ல பப்தான்.

பெவிலியனின் பலம் இடம், விலை, நேரம் மூன்றும். லண்டனில் ஒரு பைண்டுக்கு (அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே) ஆறேழு பவுண்டு கொடுத்துப் பழகியவர்களுக்கு இங்கே பில்லைப் பார்த்தால் தப்பாகப் போட்டுவிட்டார்களோ என்று தோன்றும். குழந்தைகளோடு வரலாம், சாப்பாடு நாள் முழுக்கக் கிடைக்கும், மேஜை எண்ணைச் செயலியில் தட்டினால் கேட்டது வந்து சேரும். ஒரு மனிதரோடும் பேசாமலே ஒரு நாளை ஓட்டிவிடலாம். சிலருக்கு இது வரம், எனக்குக் கொஞ்சம் உறுத்தல். பப்புக்குப் போவதே கவுன்ட்டரில் சாய்ந்துகொண்டு, “இதில் எது நல்லா இருக்கு?” என்று கேட்கத்தானே.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ரேம்ஸ்கேட் கடற்கரை தென்கிழக்கைப் பார்த்தது. சூரியன் கடலில் உதிக்கும், ஊருக்குப் பின்னால் மறையும். கடலில் சூரியன் விழுவதைப் பார்க்க வேண்டும் என்றால் அடுத்த ஊரான மார்கேட்டுக்குத்தான் போக வேண்டும். இது தெரியாமல் மாலையில் பெவிலியன் மாடியில் இடம் பிடிக்க அடித்துக்கொண்டோம்; ஏழு மணிக்கு எதிரே சாம்பல் நிறத் தண்ணீரும் முதுகில் குளிரும்தான் மிச்சம். அதே இடத்தில் மறுமுறை காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தோம். வெதர்ஸ்பூன் பப்கள் காலைச் சாப்பாட்டுக்கே திறந்துவிடும். கடல் முழுக்க வெயில், கையில் காப்பி, பக்கத்து மேஜையில் ஒரு தாத்தா பேப்பரை மடித்து மடித்துக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஊரின் மிகப் பெரிய பப்பில் எனக்குப் பிடித்த பானம் காப்பி என்றால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இனி எலி. மைக்ரோபப் என்கிற சங்கதியே இந்தக் கென்ட் மாவட்டத்தில் பிறந்ததுதான். 2005-இல், மது விற்பனை உரிமச் சட்டம் மாறியபோது, ஹெர்ன் என்கிற கிராமத்தில் மார்ட்டின் ஹில்லியர் என்பவர் பழைய கசாப்புக் கடை ஒன்றில் புட்சர்ஸ் ஆம்ஸ் என்ற ஒற்றை அறைப் பப்பைத் திறந்தார். இசை கிடையாது, சூதாட்ட இயந்திரம் கிடையாது, குளிரக் குளிரக் குடிக்கிற லாகர் பியர் கிடையாது. நல்ல ஏலும் (இங்கிலாந்தின் பாரம்பரிய பியர்) பேச்சும் போதும் என்பது அவர் கணக்கு. அதைப் பார்த்து நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் முளைத்துவிட்டன. ரேம்ஸ்கேட்டில் கிரேஞ்ச் ரோட்டில் இருக்கும் கான்கரர் 2010-இல் வந்தது. யார்க் தெருவில் ஹோவலிங் போட் இன் என்று இன்னொன்று. ஹோவலர் என்றால் இந்தக் கரையின் பழைய படகுக்காரர்கள். எதிரே இருக்கும் குட்வின் மணல்திட்டில் கப்பல் சிக்கினால் புயலில் படகை இறக்கி உதவிக்குப் போவார்கள், அதற்குக் கூலியும் வாங்குவார்கள். தொண்டா தொழிலா என்ற வழக்கு அந்தக் காலத்திலேயே உண்டு.

இந்தக் குட்டிப் பப்களில் முதல் தடவை நுழைகிறவருக்குக் கூச்சமாக இருக்கும். கதவைத் திறந்ததும் இருக்கிற எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறைக்குள் வந்துவிட்டோமோ என்று கால் தயங்கும். இரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும். எங்களுக்கு அந்தக் கூச்சத்தை உடைத்துவிட்டது ஒரு நாய். பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்தது எழுந்து வந்து, நண்பனின் ஷூவின் மேல் தலையை வைத்துத் தூங்கப் போய்விட்டது. காலை அசைக்க முடியாமல் அவன் உட்கார்ந்திருக்க, நாயின் சொந்தக்காரர் மன்னிப்புக் கேட்க, அங்கிருந்து பேச்சு தொடங்கி முக்கால் மணி நேரம் போனது. பெவிலியனிலும் இசை போடுவதில்லை. ஆனால் அங்கே நூற்றுக்கணக்கானவர்களின் இரைச்சலே இசையாகிவிடுகிறது. இங்கே பக்கத்து ஆள் பெருமூச்சு விட்டால்கூடக் கேட்கும்.

பியர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உண்மையான வித்தியாசம் அங்கேதான். காஸ்க் ஏல் என்பது பீப்பாய்க்குள் இன்னும் நொதித்துக்கொண்டிருக்கிற உயிருள்ள சரக்கு. வெளியிலிருந்து வாயு ஏற்றுவதில்லை. அதனால் பீப்பாயைத் திறந்து ஊற்ற ஆரம்பித்ததும் உள்ளே காற்று புகும், காற்று புகுந்தால் மூன்று நாள் போலத்தான் நல்ல நிலையில் இருக்கும். பிறகு மெல்லப் புளிக்கும். ஆக, ஒரு பப்பில் எத்தனை கைப்பம்பு (பீப்பாயிலிருந்து பியரை இழுத்து ஊற்றும் கைப்பிடி) இருக்கிறது என்று பார்ப்பதைவிட, ஒவ்வொன்றும் எவ்வளவு வேகமாகத் தீர்கிறது என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். நாலு பீப்பாய் வைத்து நாலையும் சீக்கிரம் காலி செய்கிற மைக்ரோபப்பில் தப்பு நடக்க வாய்ப்புக் குறைவு. பல மைக்ரோபப்களில் குளிரூட்டிய சின்ன அறையில் பீப்பாயை வைத்து நேராகக் குழாயைத் திறந்து பிடித்துக் கொடுப்பார்கள். நிலவறையிலிருந்து நீண்ட குழாய் வழியாக வருகிற வேலையே இல்லை. பெரிய பப்பில் பத்துப் பன்னிரண்டு பம்பு இருக்கும். ஆகஸ்ட் மாதம் கூட்டம் அலைமோதும்போது கவலையே இல்லை, எல்லாம் பறந்துவிடும். பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை என்றால் யோசிக்க வேண்டும்.

ஒருமுறை வேறொரு கடற்கரை ஊரில், பெயர் வேண்டாம், அழகான கண்ணாடிச் சுவர் வைத்த பப்பில் வாங்கிய முதல் வாயே வினிகர். தயங்கித் தயங்கிக் கவுன்ட்டருக்குப் போனேன். “எல்லாரும் அதைத்தான் குடிக்கிறாங்க” என்று பதில் வந்தது. சுற்றிப் பார்த்தேன், எல்லோர் கையிலும் லாகர். நல்ல பப்பாக இருந்தால் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுப்பார்கள். வாங்குவதற்கு முன்னால் ஒரு மிடறு ருசி பார்க்கவும் தருவார்கள், கேட்பதில் வெட்கமே வேண்டாம். ‘சூடான பியர்’ என்று நம்மவர்கள் கேலி செய்வது இந்த ஏலைத்தான். சூடெல்லாம் இல்லை, 11 முதல் 13 டிகிரி வரை இருக்க வேண்டும். ஐஸ் போலக் குளிர்ந்தால் நாக்கு மரத்துப்போய் ருசியே தெரியாது.

யானைக்கும் எலிக்கும் நடுவில் வெஸ்ட்கிளிஃப் ரோட்டில் ஆர்ட்டிலரி ஆம்ஸ் இருக்கிறது. நெப்போலியன் போர்க்காலத்தில் இந்தத் துறைமுகத்தில் படைகள் கப்பலேறின; ஊரில் நெல்சன், வெலிங்டன், வாட்டர்லூ என்று தெருப்பெயர்கள் கிடப்பது அதனால்தான். பீரங்கிப் படையின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிற இந்தப் பப்பும் அந்த ஞாபகத்தின் ஒரு துண்டு. கடல் தெரியாது. வளைந்த பழைய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் வெளியே கடல் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். மைக்ரோபப்பின் கூச்சமும் இல்லை, பெவிலியனின் விஸ்தாரமும் இல்லை. மழை பிடித்துக்கொண்ட நாளில் நான் போக விரும்புவது இங்கேதான், கேள்வியே இல்லை.

கடலும் வேண்டும், பியரும் உருப்படியாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு மேற்குக் குன்றின் மேல், பாரகன் வீதியில் சர்ச்சில் டேவர்ன். துறைமுகத்தையும் கடலையும் மேலிருந்து பார்க்கலாம். அதன் பின்புறம் இருக்கும் ஸ்பென்சர் சதுக்கத்தில்தான் 1876-இல், ஓவியராவதற்கு முன்பு, பள்ளி ஆசிரியர் வேலைக்கு வந்த வின்சென்ட் வான்கோ தங்கியிருந்தார். அவர் இந்தக் குன்றிலிருந்து பார்த்த கடலை நாம் கையில் ஒரு கிளாசோடு பார்க்கிறோம். என் பழைய சந்தேகம் இங்கேதான் ஆட்டம் கண்டது.

துறைமுகத்தோரம் பெல்ஜியன் கஃபே என்று ஒன்று. ரேம்ஸ்கேட்டுக்கும் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்டுக்கும் ஓடிக்கொண்டிருந்த கப்பல் 2013-இல் நின்றுபோனது. இந்த ஊரில் பெல்ஜியத்துப் பியர் குடிக்கும்போது அந்தக் கப்பல் ஞாபகம் வராமல் இருக்காது. எச்சரிக்கை ஒன்று: இங்கிலீஷ் ஏல் பெரும்பாலும் 4 சதவீதம் போல, பைண்ட் பைண்டாகக் குடிக்கலாம். பெல்ஜியத்துச் சரக்கு அப்படியில்லை. டுவெல் 8.5, வெஸ்ட்மாலெ டிரிப்பெல் 9.5. சின்னக் கிளாசில் வருகிறதே என்று அலட்சியமாக இரண்டு இறக்கினால், நிலையத்துக்கு இருபது நிமிட மேட்டு நடை இருக்கிறது, அப்போது தெரியும்.

குடிக்காதவர்களுக்கு எது தோது என்று நண்பனிடம் கேட்டேன். பெவிலியன்தான் என்றான் சட்டென்று; காப்பி, ஆல்கஹால் இல்லாத பியர், சாப்பாடு, எதற்கும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மைக்ரோபப்பில் அவனுக்குக் கிடைத்தது ஒரு ஆப்பிள் ஜூஸும் ஒரு பாக்கெட் கடலையும். “ஆனா அடுத்த தடவை அங்கயே போலாம்டா,” என்றான். ஏன் என்று கேட்டதற்கு, அந்த நாயின் பெயரைக் கேட்க மறந்துவிட்டானாம்.

போகிறவர்கள் கவனிக்க: பப்பில் சர்வர் வந்து நிற்பார் என்று காத்திருக்காதீர்கள், நீங்கள்தான் கவுன்ட்டருக்குப் போக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிசை அங்கே இருக்கும், யார் யாருக்கு முன்னால் வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். நோட்டை ஆட்டிக் கூப்பிட்டால் கடைசியாகத்தான் கவனிப்பார்கள். கூட்டமாகப் போனால் ஆளுக்கொரு சுற்று வாங்குவது முறை. தன் முறை வரும்போது கழிப்பறைக்கு நழுவுகிறவனை அந்த ஊரில் பத்து வருடம் கழித்தும் ஞாபகம் வைத்திருப்பார்கள். இன்னொன்று, தீர்க்கரேகைப்படி ரேம்ஸ்கேட்டின் சொந்த நேரம் கிரீன்விச்சைவிட 5 நிமிடம் 41 விநாடி முந்தியது. துறைமுகத்துக் கடிகார மாளிகையில் பெருமையாக அதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ரயில்காரர்கள் மட்டும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நாங்கள் பிளாட்பாரத்துக்கு ஓடிவந்தபோது கதவு மூடிக்கொண்டிருந்தது.