ஹெர்குலிஸ் நீராவி இழுவைப்படகு: போர்ப்பணிக்கு எவ்வளவு தேறும்?

1917-ல் போரில் இறங்கிய அமெரிக்கக் கடற்படை, தனியார் படகுகளைச் சோதித்து 'எஸ்.பி.' (Section Patrol, காவல்பணிப் படகுகளுக்கான குறி) என்று தொடங்கும் எண்களைக் கொடுத்தது. எண் பெற்றும் பணிக்கு எடுக்கப்படாமல் போனவை பல. அந்தக் காலத்து வணிக இழுவைப்படகை எடைபோட, சான் பிரான்சிஸ்கோ கடல்சார் பூங்காவில் பாதுகாக்கப்படும் ஹெர்குலிஸ் அருமையான மாதிரி.

நியூஜெர்சியின் கேம்டனில் 1907-ல் கட்டியது; 151 அடி நீளம்; எண்ணெயில் எரியும் கொதிகலன். முதல் பயணத்திலேயே தன் ஜோடிக் கப்பல் கோலையாவை இழுத்துக்கொண்டு மகெல்லன் நீரிணை வழியாகச் சான் பிரான்சிஸ்கோ சேர்ந்தது. வழிக்கு வேண்டிய எண்ணெயும் தண்ணீரும் கோலையாவில் இருந்தன. முதல் உலகப்போரில் கடற்படைப் பணிக்குப் போனதும் அந்தக் கோலையாதான்.

ஹெர்குலிஸின் பெருமை எஞ்சின் அறையில் இருக்கிறது. ஒரே நீராவி சிறிய, நடுத்தர, பெரிய சிலிண்டர் என மூன்றிலும் வரிசையாக விரிந்து வேலை செய்கிறது. நீருக்கடியில் மெதுவாகச் சுழலும் பெரிய உந்துவிசிறி (புரொப்பல்லர்), இடைவிடாத இழுப்பு: பழுதான கப்பலைத் துறைமுகம் சேர்க்க இதுதான் வேண்டும். நீர்மூழ்கியைத் துரத்த இது ஆகாது. அன்றைய ஜெர்மன் நீர்மூழ்கிகள் பல நீர்மட்டத்தில் 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தைத் தாண்டின. பீரங்கி வைப்பதென்றால் தளத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்து வலுவாக்க வேண்டும்; மேலே ஏறும் எடை கப்பலின் நிலைத்தன்மையையும் குறைக்கும்.

சோதிக்க வருபவர் முதலில் பார்க்க வேண்டியது கண்டென்சர்; வேலை முடிந்த நீராவியைக் கடல்நீர்க் குளிர்ச்சியால் மறுபடி தண்ணீராக்கும் பகுதி அது. ஒரு குழாய் கசிந்தாலும் உப்புநீர் கொதிகலனுக்குள் போய்விடும். உள்ளே படிவு கட்டும், நீர் நுரைத்து நீராவியோடு சிலிண்டருக்குள் ஏறும். அமுங்காத நீர் சிலிண்டர் மூடியையே உடைத்துவிடும். கிளப்பும்போதும் இதே ஆபத்துதான். வடிகால்களைத் திறந்து, எஞ்சினைச் சூடாக்கி, தேங்கிய நீர் போன பிறகே ஓட்ட வேண்டும். குளிர்ந்த கொதிகலனில் நீராவி ஏற்றப் பல மணி நேரமாகும். ஆகவே அவசர அழைப்புக்கு நிற்கும் படகு அடுப்பை அணைக்கவே கூடாது. எண்ணெய்ச் செலவை அதற்கேற்பக் கணக்கிட வேண்டும்.

புகையும் முக்கியம். காற்று குறைந்தால் கரும்புகை எழும்பி, தொலைவிலேயே எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும்.

வடம் கட்டும் இடத்தை நின்று பாருங்கள். சுக்கானுக்கு முன்னால், கப்பலின் நடுப்பக்கமாக இருந்தால்தான் இழுக்கும்போது திரும்ப முடியும். ஆனால் வடம் பக்கவாட்டில் இறுகினால் படகே கவிழும். கணத்தில் கழற்றவோ வெட்டவோ வழி இல்லாத படகை நான் தேர்வு செய்யமாட்டேன்.