மைக்கேல் மையர்ஸ் எத்தனை முறை சாவது?

1978 முதல் 2022 வரை 'ஹாலோவீன்' என்ற அமெரிக்கத் திகில் பட வரிசையில் 13 படங்கள். மைக்கேல் மையர்ஸ் அதன் முகமூடிக் கொலைகாரன். முதலிலிருந்து வரிசையாகப் பார்த்தால் தலை சுற்றும். நாலாவது படத்தில் கார் விபத்தில் செத்துப்போனதாகச் சொல்லப்படும் லாரி ஸ்ட்ரோட் (முதல் படத்தில் மைக்கேலிடமிருந்து தப்பிய நாயகி), ஏழாவதில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. எட்டாவதில் கொல்லப்படுகிறாள். பதினொன்றாவதில் பேத்தியோடு உட்கார்ந்திருக்கிறாள். கணக்கு என்னவோ எளிதுதான். முதல் படத்துக்குப் பிறகு கதை மூன்று கிளையாகப் பிரிகிறது, ஒரு கிளையில் நடந்தது அடுத்ததில் செல்லாது. எந்தக் கிளையில் ஏறுவது என்பதுதான் பிரச்சினை. (முடிவுகளைச் சொல்லாமல் இதை அலச முடியாது. தெரிய வேண்டாம் என்பவர்கள் முதல் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.)

ஜான் கார்பென்டர் முதல் படத்தை 3 லட்சம் டாலர் சொச்சத்தில் எடுத்தார். கதை நடப்பது இல்லினாய் மாநிலத்து ஹாடன்ஃபீல்டு என்ற கற்பனை ஊரில், அக்டோபர் மாதக் கடைசியில். எடுத்ததோ கலிபோர்னியாவில், வசந்த காலத்தில். சாயம் பூசிய இலைகளைத் தெருவில் தூவி, ஷாட் முடிந்ததும் பொறுக்கி வைத்து, அடுத்த ஷாட்டுக்கு மறுபடி தூவினார்கள். முகமூடி, 'ஸ்டார் ட்ரெக்' கேப்டன் கிர்க்கின் கடை முகமூடி. கண் துளைகளைப் பெரிதாக்கி வெள்ளை பெயின்ட் அடித்தார்கள், அவ்வளவுதான். இசையும் கார்பென்டரே. கர்நாடக இசையின் கண்ட நடை மாதிரி ஐந்தைந்தாக ஓடும் அந்தப் பியானோவுக்குக் காது பழகவே பழகாது.

ஆறு வயதுப் பையன் மைக்கேல் 1963இல் தன் அக்காவைக் கொல்கிறான். 15 வருஷம் கழித்து மனநல மருத்துவமனையிலிருந்து தப்பி ஊருக்கு வருகிறான். ஏன்? படம் சொல்வதில்லை. கடைசியில் அவனுடைய மனநல மருத்துவர் டாக்டர் லூமிஸ் சுட்டு, மாடியிலிருந்து கீழே விழுந்தவனை எட்டிப் பார்த்தால் ஆளைக் காணோம். அப்புறம் காலி அறைகள், வெறும் தெரு, மூச்சுச் சத்தம். ரத்தம் மிகக் குறைவு. பயம் முழுக்க அந்த 'ஏன்' என்ற ஓட்டையிலிருந்து வருகிறது.

1981இல் வந்த இரண்டாம் பாகம் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. அதே இரவு ஆஸ்பத்திரியில் தொடரும் கதையில், லாரி மைக்கேலின் தங்கை என்று ஒரு சேதி. எழுதியது வேறு யாருமில்லை, முதல் படத்தைச் சேர்ந்து எழுதிய கார்பென்டரும் டெப்ரா ஹில்லும்தான். முதல் படத்தின் தொலைக்காட்சிப் பதிப்புக்காக அப்போது எடுத்துச் சேர்த்த காட்சிகளிலும் இந்த உறவை நுழைத்துவிட்டார்கள். பிறகு வந்த ஒவ்வொரு கிளையும் இந்தத் தங்கை விஷயத்தை என்ன செய்தது என்று பார்த்தாலே அதன் தரம் தெரிந்துவிடும்.

முதல் கிளை 4, 5, 6. லாரிக்குப் பதில் அவள் மகள் ஜேமி, நடித்தது சிறுமி டேனியல் ஹாரிஸ். 1988இல் வந்த நாலாவது படத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கோமாளி உடையில், கையில் கத்தரிக்கோலோடு அந்தக் குழந்தை மாடிப்படியில் நிற்கும் முடிவு 1963இல் நடந்ததை அப்படியே திருப்பிக் காட்டுகிறது. லூமிஸ் அலறுகிறார், படம் முடிகிறது. அடுத்த வருஷமே ஐந்தாம் பாகம் வந்து, கத்தரிக்கோல் குத்து வாங்கிய வளர்ப்புத் தாய் பிழைத்துவிட்டாள் என்று சொல்லி அந்த முடிவைக் கைகழுவியது. ஆறாவதில் கொலைக்குக் காரணம் ஒரு பழங்காலச் சாபம், பின்னால் ஒரு ரகசியக் கூட்டம். லூமிஸாக நடித்த டொனால்ட் ப்ளெசன்ஸ் படம் வெளிவருமுன் இறந்துவிட, அவர் இல்லாமலே முடிவை மாற்றி எடுத்தார்கள். பழைய முடிவுள்ள பதிப்பு திருட்டு நாடாக்களில் சுற்றி, 2014இல்தான் முறையாக வந்தது. அதுதான் கொஞ்சம் தேவலாம். 'ஆன்ட்-மேன்' பால் ரட்டை இளைஞராகப் பார்க்க வேண்டுமானால் ஆறைப் பாருங்கள், வேறு காரணம் தோன்றவில்லை.

இரண்டாம் கிளை 1998இன் 'ஹெச்20'. 4, 5, 6 நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு, தங்கை உறவை மட்டும் ஏற்கிறது. முதல் இரண்டு படங்களில் லாரியாக நடித்த ஜேமி லீ கர்ட்டிஸ் திரும்பி வந்தார். பெயர் மாற்றி, குடித்து, தூக்கத்தில் அலறி வாழும் லாரி. 'சைக்கோ' புகழ் ஜேனட் லீ, அதாவது கர்ட்டிஸின் நிஜ அம்மா, பள்ளிக்கூடக் காரியதரிசியாக வந்து போகிறார். நடுவில் படம் சாதாரணம்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. கடைசிப் பத்து நிமிஷத்துக்கு மொத்தக் காசும் தகும். வண்டிக்கும் மரத்துக்கும் நடுவில் சிக்கிய மைக்கேல் கை நீட்டுகிறான். அவளும் ஒரு கணம் கை நீட்டுகிறாள். அப்புறம் கோடரி. தங்கை என்ற முடிச்சு உருப்படியாகப் பயன்பட்ட ஒரே இடம் இதுதான்.

மூன்றாம் கிளை 2018இல் டேவிட் கார்டன் க்ரீன் எடுத்தது. 1978ஐத் தவிர எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. தங்கை என்பது யாரோ கட்டிவிட்ட கதை என்று பேத்தியே சொல்கிறாள். சுமார் 1 கோடி டாலரில் எடுத்து 25 கோடிக்கு மேல் வசூல். பாட்டி, மகள், பேத்தி மூவரும் சேர்ந்து, பொறி வைத்த வீட்டில் அவனை அடைத்து எரிக்கிறார்கள். அங்கே நிறுத்தியிருக்கலாம். 2021இன் 'ஹாலோவீன் கில்ஸ்' லாரியை மறுபடி ஆஸ்பத்திரியில் படுக்கப்போட்டு, ஊர்க் கும்பலைக் கத்தவிட்டது. 2022இன் 'ஹாலோவீன் எண்ட்ஸ்' கோரி என்ற புதுப் பையன் பின்னால் போனது. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்தது, ஆனால் மூன்றாவது படத்தில் போய் அதைச் செய்வதா?

கிளையில் சேராதவை இரண்டு வகை. 1982இன் மூன்றாம் பாகத்தில் மைக்கேலே இல்லை. குழந்தைகளைக் கொல்லும் முகமூடிகள், ஸ்டோன்ஹெஞ்ச் கல், மண்டையை விட்டுப் போகாத ஒரு விளம்பரப் பாட்டு. அன்று திட்டினார்கள், தனிப் படமாகப் பார்த்தால் அருமை. ராப் ஸாம்பி 2007இல் எடுத்த மறுஆக்கமோ மைக்கேலின் குழந்தைப் பருவத்தை வீட்டுச் சண்டை வரை விலாவாரியாகக் காட்டுகிறது. 'ஏன்' என்பதற்கு இவ்வளவு பதில் யார் கேட்டது?

ஒரே ராத்திரிதான் இருக்கிறது என்றால் 1978, அடுத்து 2018. மைக்கேலைவிட லாரிமேல் அக்கறை அதிகமென்றால் 1978, 1981, 'ஹெச்20'. நான் இரண்டாவது கட்சி. ஆனால் 'ஹெச்20' முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் ரிமோட்டைத் தேடி அணைத்துவிடுங்கள். அடுத்தது 2002இன் 'ரிசரக்ஷன்'. அந்தக் கோடரி வெட்டியது மைக்கேலை இல்லையாம், தொண்டை நசுங்கிப் பேச முடியாமல் போன ஆம்புலன்ஸ் ஊழியர் ஒருவருக்கு அவன் தன் முகமூடியை மாட்டிவிட்டானாம்.