இரண்டு பவுண்ஸுக்கு ஒரு மனுவேல்

ஒரு ஹோட்டலில் நடக்கும் பழைய பிரிட்டிஷ் டிவி நகைச்சுவைத் தொடர் 'ஃபோல்ட்டி டவர்ஸ்'. அதன் முழுத்தொகுப்பு டிவிடி, சரிட்டி கடையில் இரண்டு பவுண்ஸ். பெட்டிக்குள் ஒரு பல் உடைந்து வட்டு கலகலவென்று ஆடியது. வீட்டுக்கு வரும்வரை நெஞ்சு திக்கென்றுதான் இருந்தது. ஆனால் பன்னிரண்டு அத்தியாயங்களும் எங்கும் சிக்காமல் ஓடின. 1975இல் ஆறு, 1979இல் ஆறு, அவ்வளவுதான் முழுத் தொடருமே. ஆங்கில சப்டைட்டில் இருக்கிறது. ஹோட்டல் முதலாளி பசில் கத்துகிற வேகத்துக்கு அது இல்லாமல் என்னால் முடியாது.

பசிலாக வரும் ஜோன் கிளீஸுக்காகத்தான் பலரும் இதை வாங்குவார்கள். நான் வாங்கியது, இங்கிலிஷ் சரியாக விளங்காத ஸ்பானிய வெயிட்டர் மனுவேலுக்காக. லண்டன் வந்த புதிதில் ரெஸ்ரோரண்ட் ஒன்றில் கோப்பை கழுவி, பிறகு மேசைக்குப் போனவன் நான். நப்கின் கேட்டவருக்கு உப்பைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அதனால் மனுவேல் "கே?" (ஸ்பானிய மொழியில் 'என்ன?') என்று முழிக்கும்போது எனக்குச் சிரிப்பு கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

மனுவேலாக நடித்த அன்ட்ரூ சக்ஸ் ஸ்பானியர் இல்லை. 1930இல் பேர்லினில் பிறந்தவர், தகப்பன் யூதர். 1938இல் நாசிகளிடமிருந்து தப்பி லண்டன் வந்தபோது எட்டு வயது. இந்த வேடத்துக்குக் கூப்பிட்டபோது, ஸ்பானிய உச்சரிப்பு வருமோ என்று தயங்கி, வெயிட்டரை ஜேர்மன்காரன் ஆக்கலாமா என்று கேட்டிருக்கிறார். நல்ல காலம், ஆக்கவில்லை.

இதைத் தெரிந்துகொண்டு 'த ஜேர்மன்ஸ்' அத்தியாயத்தைப் பாருங்கள். வரவேற்பு மேசையில் ஒரு மூஸ் மானின் தலை இருக்கும். அதன் பின்னால் குனிந்து வேலை செய்யும் மனுவேல், நான் நன்றாக இங்கிலிஷ் பேசுவேன், புத்தகத்தில் படித்தேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பழகுவார். அங்கே வரும் கிழட்டு மேஜர், மான்தான் பேசுகிறது என்று நம்பிவிடுவார். நான் அதை மூன்று தரம் திருப்பிப் போட்டேன். பஸ்ஸில் வாய்க்குள் முணுமுணுத்துப் பழகிய ஆட்களுக்கு அந்தக் குரல் தெரியும்.

குறை சொல்வதென்றால், மனுவேல் படும் அடி கூடிப்போச்சு. இதே அத்தியாயத்தில் புகை கக்கும் உடுப்போடு மனுவேல் ஓடிவருவார். அதற்காகப் போட்ட இரசாயனம் சக்ஸின் கையை உண்மையிலேயே பொசுக்கியது. இன்னோர் அத்தியாயத்தில் தலையில் விழுவதும் நிஜச் சட்டிதான். இவை தெரிந்த பிறகு அந்த இடங்களில் என் கை ரிமோட்டுக்குப் போகிறது.

மேலதிகமாகச் சில பேட்டிகளும் வைத்திருக்கிறார்கள். சக்ஸின் பேட்டியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீசையும் இல்லை, தடுமாற்றமும் இல்லை. அமைதியான, சுத்தமான ஆங்கிலம். பக்கத்தில் இருந்த மகள், "இது ஆர் அப்பா?" என்று கேட்டாள். மனுவேல் என்றேன். நம்பவில்லை.